ஊரில் கல் வாங்கப் போகிறீர்களா? வைரத்தை விடுங்கள், நீலத்தைப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கினால் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்: "மகளுக்குக் கலியாணம் வருது. இரண்டு கரட்டில ஒரு வைரம் கொழும்பில எடுத்தால் மலிவாய் வருமோ?"

வராது. இலங்கை மண்ணில் வைரம் கிடைப்பதில்லை. கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிற வைரமும் சூரிச், ரொறன்ரோ, லண்டன் கடைகளில் மின்னுகிற வைரமும் பெரும்பாலும் இந்தியாவின் சூரத்தில் பட்டை தீட்டியவைதான். ராப்பபோர்ட் என்கிற டொலர் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டுதான் வியாபாரிகள் எந்த நாட்டிலும் பேரம் பேசுகிறார்கள். கடல் கடந்து போய் வாங்கியதால் விலை விழாது. கல் பிழைத்தால் திருப்பிக் கொடுக்க மட்டும் மறுபடி விமானம் ஏற வேண்டியிருக்கும்.

ஊருக்கே உரிய கல் நீலம், அதாவது சஃபையர்; மஞ்சளாக இருந்தாலும் இந்த இனக் கல்லுக்கு நீலம் என்றே பெயர். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் "இந்தியாவின் நட்சத்திரம்" என்ற பெயரோடு இருக்கும் 563 கரட் நட்சத்திர நீலம் உண்மையில் இலங்கைக் கல். டயானாவின் விரலிலிருந்து கேத்தின் விரலுக்குப் போன 12 கரட் மோதிரக் கல்லையும் இலங்கைக் கல் என்றே சொல்கிறார்கள். இரத்தினபுரிப் பக்கத்தில் இன்றைக்கும் குழி வெட்டி, இல்லம் எனப்படும் சரளைப் படையை எடுத்துக் கூடையில் போட்டு அரிக்கிறார்கள். நீலத்தோடு வைடூரியம், மஞ்சள் நீலம், நட்சத்திரக் கல் எல்லாம் இந்த மண்ணில் வருகின்றன. மரகதம் வருவதில்லை. யாராவது "சிலோன் மரகதம்" என்று நீட்டினால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். நல்ல மரகதம் கொலம்பியாவிலும் சாம்பியாவிலும் இருந்து வருவது.

நீலம் வாங்கப் போகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது சூடு. கெவுடா என்று ஒரு கல் உண்டு. பால் கலந்தாற்போல மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதை இலங்கையில் யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். 1500 பாகை செல்சியசுக்கு மேல் உலையில் வைத்தால் அதே கல் நீலமாகிவிடும் என்பது நம்மவர்களுக்கு விளங்கியபோது பாதி போய்விட்டது. இன்றைக்குச் சந்தைக்கு வருகிற நீலங்களில் பெரும்பாலானவை சூடேற்றியவைதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நிறமும் மங்காது. ஆனால் சூடு காணாத கல் அரிது என்பதால் அதன் விலை பல மடங்கு போகும். சூடேற்றிய கல்லைச் சூடு காணாத கல்லின் விலைக்கு விற்பதுதான் மோசடி. அதைக் கண்ணால் பிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கல்லுக்குள் இருக்கிற பட்டு போன்ற மெல்லிய ஊசிகள் உருகியிருக்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

என் அக்கா கண்டிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் மூன்று கரட் நீல மோதிரம் வாங்கினாள். அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஓட்டோக்காரர். "இண்டைக்கு மட்டும் அரசாங்கக் கழிவு" என்றாராம். வங்கி அட்டை மாதிரிப் பளபளப்பான சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். சுவிஸுக்கு வந்து தெரிந்த நகைக்காரரிடம் காட்டினோம். அவர் ஒரு நிமிடம் லென்ஸைப் பிடித்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள்ளே பழைய இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்து வளைந்து நிறம் படிந்திருந்தது. ஓரத்தில் குண்டூசி முனையளவில் இரண்டு காற்றுக் குமிழிகள். மண்ணுக்குள் வளர்ந்த நீலத்தில் நிறப்பட்டைகள் நேர்கோடாகத்தான் ஓடும், மூலையில் திரும்பும்போது கோணம் விழும். வளைகோடு தெரிந்தால் அது தீச்சுவாலையில் உருக்கிச் செய்த கல். 1902 இலிருந்து உலகத்துக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அது. அக்காவின் பளபளப்புச் சான்றிதழை அச்சடித்தது விற்ற கடையேதான். பெறுமதி என்ற இடத்தில் வாங்கிய விலையின் இரட்டிப்பை வேறு போட்டிருந்தார்கள்.

எனவே சான்றிதழ் என்றால் விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வுகூடம் தந்ததாக இருக்க வேண்டும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கு ஆய்வுகூடம் இருக்கிறது. பெரிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஜி.ஆர்.எஸ்., குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். போன்ற சர்வதேச ஆய்வுகூடங்களின் அறிக்கைகளை உலகம் முழுக்க ஏற்றுக்கொள்வார்கள். சுவிஸில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி: குபெலின் லுட்சேர்னில், எஸ்.எஸ்.இ.எஃப். பாசலில். ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் நான்கு இடங்களைப் படியுங்கள். கல்லின் இனம், இயற்கையா என்பது, சூடேற்றிய அறிகுறி உண்டா இல்லையா என்பது, பிறகு நிறையும் மில்லிமீற்றர் அளவும். நிறையைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரைக்கும் உங்கள் முன்னால் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3.12 கரட் என்று அறிக்கையில் இருந்து தராசு 3.05 காட்டினால் அந்த அறிக்கை வேறொரு கல்லுடையது. அறிக்கை இலக்கத்தை ஆய்வுகூடத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். விலை எழுதியிருக்கிற காகிதத்தைச் சான்றிதழாகக் கணக்கெடுக்க வேண்டாம். நல்ல ஆய்வுகூட அறிக்கையில் விலை இருக்காது.

எங்கே போவது? செட்டியார் தெருவும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியும் பவுணுக்கு. கல்லுக்கு இரத்தினபுரி, அல்லது பேருவளைச் சீனன்கோட்டை. பேருவளையில் நமக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அங்கே வியாபாரிகள் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக இதே தொழில் செய்கிறவர்கள். தனியே தெருவில் நின்று வாங்க வேண்டாம். வைத்திருக்கிற கல்லைக் காட்ட நாலு பக்கத்தாலும் ஆள் சூழ்ந்துவிடும். யாராவது அறிமுகம் செய்கிற கந்தோருக்குள் போய், உட்கார்ந்து, காலை வெளிச்சத்தில் பாருங்கள். நான் முதல் தடவை போனபோது நேரே கேட்டேன்.

"நானா, இது சூடு போட்டதா?"

"இல்ல தங்கச்சி, சூடு காணாத கல்லு. நான் சொல்லி என்னத்துக்கு? லெப்ல குடுத்துப் பாருங்க. பிழையா வந்தா கல்லக் கொண்டு வாங்க, சல்லிய எடுத்துட்டுப் போங்க."

"அதைப் பில்லிலயும் எழுதித் தருவீங்களா?"

எழுதித் தந்தார். இந்த ஒரு கேள்வியிலேயே ஆள் தெரிந்துவிடும். "இயற்கையான இலங்கை நீலம், சூடேற்றப்படவில்லை, ஆய்வுகூடம் மாறாகச் சொன்னால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று பற்றுச்சீட்டில் எழுத மறுக்கிறவரிடம் பேரத்தைத் தொடர வேண்டாம்.

கல்லைக் கையில் எடுத்ததும் கடை விளக்குக்குக் கீழே மயங்காதீர்கள். அந்த விளக்குகளைப் போட்டிருப்பதே மயக்கத்தான். சன்னல் பக்கம் கொண்டுபோங்கள். இரண்டு விரல்களின் இடுக்கில், மோதிரத்தில் இருப்பது போல வைத்து மேலிருந்து பாருங்கள். நடுவில் ஓட்டை மாதிரி நிறமே இல்லாமல் விரல் தெரிந்தால் பட்டை சரியாக விழவில்லை. பிறகு பக்கவாட்டில் திருப்புங்கள். இலங்கை நீலத்தில் பலதுக்கு உடம்பு தண்ணீராகவும் அடியில் ஒரு பொட்டு மட்டும் நீலமாகவும் இருக்கும். பட்டை தீட்டுகிறவர் அந்தப் பொட்டை அடி நுனியில் நிறுத்திவிடுவார், மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். அது கைத்திறன்தான், குற்றமில்லை. ஆனால் உடம்பெல்லாம் நிறமுள்ள கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வயிறு பருத்த கல்லையும் கவனியுங்கள். விலை கரட்டுக்கு என்பதால் அடியில் சதையை விட்டுவிடுவார்கள். மோதிரத்தில் வெளியே தெரியாத அந்த வயிற்றுக்கும் காசு கட்டுவது நீங்கள்தான்.

நீலம் வைரத்தைவிட அடர்த்தி கூடியது. ஒரு கரட் வட்ட வைரம் ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர் அகலம் என்றால், ஒரு கரட் நீலம் 6 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். வைரக் கணக்கில் மனதில் அளவை வைத்துக்கொண்டு போனால் "என்ன இது சின்னக் கல்லு" என்று ஏமாற்றமாக இருக்கும். மில்லிமீற்றரில் கேட்கப் பழகுங்கள்.

பெயர்களிலும் பொறி உண்டு. புஷ்பராகம் என்று சாத்திரி எழுதித் தருவது மஞ்சள் நீலத்தை. கடையில் அதே பெயரில் டோபாஸ் கல்லையோ சிற்றின் கல்லையோ நீட்டுவார்கள். மூன்றுமே மஞ்சள்தான், விலையோ மலைக்கும் மடுவுக்கும். தமிழ் இரத்தின நூல்களில் பதுமராகம் சிவந்த மாணிக்கம். இலங்கைச் சந்தையில் அதே சொல் பத்பராட்ஷா ஆகி, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த தாமரை நிற நீலத்தைக் குறிக்கும், மிக விலை கூடிய கல். ஆய்வுகூடம் அந்தப் பெயரைப் போடாவிட்டால் அந்த விலை கொடுக்காதீர்கள். மாத்தறை வைரமும் வைரம் அல்ல, நிறமற்ற சேர்கோன் என்ற வேறு கல். லென்ஸால் பார்த்தால் அடிப்பட்டையின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அப்பாச்சியின் "வைரத்தோடு" என்று நம்பிக்கொண்டிருந்ததை இப்படிப் பார்த்து வாயடைத்துப்போன வீடுகள் எனக்குத் தெரியும். என்றாலும் அந்தத் தோட்டை விற்காதீர்கள்.

சரி, எவ்வளவு சொன்னாலும் வைரம்தான் வேண்டும் என்கிறவர்களுக்குச் சுருக்கமாக. ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. ஆய்வுகூடத்தின் அறிக்கை கேளுங்கள். இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த இலக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸால் நீங்களே வாசித்து அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 1, 1.5, 2 கரட் என்ற எல்லைகளைத் தொட்டதும் விலை துள்ளும். 2.00க்குப் பதில் 1.85 எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கையில் காசு மிஞ்சும். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரமும் வைரமே, ஆனால் விலையும் மறுவிற்பனையும் வேறு. கடைக்காரர் பேனா மாதிரி ஒன்றை வைத்து "பீப்" சத்தம் காட்டுவார். வளர்த்த வைரத்துக்கும் அது அதே சத்தம்தான் போடும்.

கலியாண நகைக்குச் சென்னை வழியாகப் போகிறவர்கள் அதிகம். தி. நகரில் வாங்கினால் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்து இலக்கக் குறியீடும் இருக்க வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். கல் பதித்த பவுண் 18 கரட் என்றால் (இந்தக் கரட் பவுணின் தூய்மை, கல்லின் நிறை அல்ல) முத்திரை 750. பில்லில் மொத்த நிறை, கல் நிறை, தனிப் பவுண் நிறை மூன்றும் வேறு வேறாக வேண்டும். ஐந்து கரட் கல் ஒரு கிராம். அதைக் கழிக்காவிட்டால் கல்லுக்கும் பவுண் விலை கொடுத்து, அதற்கு மேல் செய்கூலி, சேதாரமும் கட்டுவீர்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ காசாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை. அந்தத் தொகைக்கு மேல் பான் எனப்படும் இந்திய வருமான வரி அட்டையும் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் நிரப்பப் படிவம் உண்டு, கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள்.

கல் பார்ப்பதைப் பயணத்தின் கடைசி இரண்டு நாளுக்கு வைக்காதீர்கள். நாலு கிழமை நிற்கிறீர்கள் என்றால் முதல் கிழமையே கல்லை எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுங்கள். அறிக்கை கையில் வந்த பிறகுதான் பத்தரிடம் போக வேண்டும். நகையாகப் பதித்துவிட்ட கல்லை ஆய்வுகூடம் முழுதாகப் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பத்தருக்கு 22 கரட்டுக்குக் குறைந்த பவுணில் மனம் ஒட்டாது. "பிள்ளை, இதென்ன பித்தளையோ?" என்பார். பெரிய கல்லைப் பிடிக்கிற கொக்கிக்கு 18 கரட்டே உறுதி. பிடிவாதமாக நில்லுங்கள். பதிக்கக் கொடுக்கும் முன் கல்லை எல்லாப் பக்கமும் படமெடுத்து, உள்ளே இருக்கிற ஏதாவது ஒரு புள்ளியையோ ஊசியையோ அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவது அதே கல்தானா என்று பார்க்க அது போதும்.

கல்லைத் தனியாகக் கொண்டுவருவதென்றால், விற்றவர் மூலமாகவே இரத்தினக்கல் அதிகார சபைப் பத்திரங்களை முடித்துவிடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலை இல்லாமல் போகும். பிறகு நாம் இருக்கிற நாட்டின் சுங்கம். கனடாவுக்கு 800 டொலர், பிரித்தானியாவுக்கு 390 பவுண்ட், விமானத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தால் 430 யூரோ வரைக்கும் வரி இல்லை. பிரித்தானியாவில் ஒரு நகையே அந்தத் தொகையைத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் வரி. சுவிஸில் 2025 இலிருந்து வரியில்லாத தொகை வெறும் 150 பிராங்க். அதைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 8.1 வீதம். பழைய நகை என்று சொல்லிப் பார்க்கலாம் என்கிற ஆட்கள் உண்டு. பிடிபட்டால் வரியோடு தண்டமும் வரும். பிறகு காப்புறுதிக்காரரிடம் கொடுக்கப் பற்றுச்சீட்டும் இல்லாமல் போகும். நான் என் நீலத்தைச் சுவிஸ் சுங்கத்தின் குவிக்சோல் செயலியில் பதிந்து, வரியைத் தொலைபேசியிலேயே கட்டிவிட்டு, மோதிரத்தைக் கையில் போட்டபடியே வெளியே வந்தேன்.