ஆயில் போல்ட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பட்டறைக்கு ஒரே மாதிரி கேஸ்களாக வரும். எல்லாம் அடுக்குமாடிக்குக் கீழே உட்கார்ந்து, கைப்பேசியில் வீடியோ பார்த்தபடி தாங்களே கப்சாய்க்கு (சிறிய கியர் மோட்டார்சைக்கிள்) சர்வீஸ் செய்த பிள்ளைகள். செய்யட்டும், நல்ல பழக்கம்தான். டயரில் காற்று பார்ப்பது, நேரத்துக்கு ஆயில் மாற்றுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை.

ஆயில் போல்ட்டை முறுக்குவது

பழைய ஆயிலை வடிக்க என்ஜினுக்கு அடியில் கழற்றும் போல்ட் இது. அதை அளவுக்கு மீறி முறுக்குவதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். "அண்ணே, நல்லா இறுக்கிட்டேன், இன்னும் ஒழுகுது" என்று ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். போல்ட்டைக் கழற்றினால், அதன் மரையைச் சுற்றி வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியச் சுருள். என்ஜினுக்குள் இருக்க வேண்டிய மரை போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி முறுக்கினானாம்!

போல்ட் எஃகு, என்ஜின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோண்டாவின் சிறிய என்ஜின்களில் இந்த போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 12 கிலோ அளவுக்கு அழுத்தினால் அது வந்துவிடும். உட்கார்ந்து ஒரு கையால் செய்கிற வேலை.

பிறகு ஏன் முறுக்குகிறார்கள்? போல்ட் தலைக்கு அடியில் போடும் வளையம், அந்த வாஷர்தான் காரணம். அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் சரியாக அடைக்காமல் போகும், சொட்டு விழும். உடனே இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னும் கொஞ்சம். ஒருநாள் ஸ்பானர் திடீரென்று லேசாகச் சுற்றும். அந்த லேசு கையில் பட்டாலே வயிற்றைக் கலக்கும். புது வாஷரின் விலை ஒரு கிளாஸ் தே தாரிக்கைவிடக் குறைவு.

இதைவிட மோசம், போன மரைக்கு சிலிக்கான் பசை அப்புவது. பசை உள்ளே பிதுங்கி, துண்டுதுண்டாக உதிர்ந்து, ஆயில் வடிகட்டி வலையில் போய் அடைக்கும். உச்சியில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறாது. இந்த வண்டிகள் பலவற்றில் ஆயில் எச்சரிக்கை விளக்கும் கிடையாது. தலைப்பக்கம் 'டக் டக்' என்று கேட்கும்போது காரியம் கெட்டிருக்கும்.

மரை மட்டும் போயிருந்தால் துளையிட்டு, புது மரை வெட்டி, எஃகுச் சுருள் வைத்துக் காப்பாற்றலாம். என்ஜின் கூடே விரிசல் விட்டால் என்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். கூட்டில் என்ஜின் எண் பொறித்த பாதியை மாற்ற வேண்டி வந்தால் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை மையம்), ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) என்று அலைச்சல் வேறு. எல்லாம் ஒரு வாஷருக்காக.

ஆயில் குச்சியைத் திருகி அளப்பது

ஹோண்டா இஎக்ஸ் 5 போன்ற கப்சாய் வண்டிகளில் குச்சியை நுழைத்தால் போதும், திருகக் கூடாது. திருகினால் குச்சி ஆழமாகப் போய், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவாகப் பிடிக்கும் என்ஜின், அதில் நூறு மில்லி குறைந்தாலும் பெரிய விஷயம். என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து, நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்திப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்த அளவு செல்லாது.

வீட்டில் மிஞ்சிய கார் ஆயில்

அப்பாவின் காருக்கு வாங்கியதில் மிச்சம், வீணாக்க மனமில்லை. சரி, ஆனால் கப்சாயில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், அதனால் கிளட்ச் வழுக்கும். என்ஜின் அலறும், வண்டி ஏற்றத்தில் நகராது. டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றால் அது ஸ்கூட்டருக்கு.

பிளக்

ஸ்பார்க் பிளக்கைக் கடைசிச் சுற்று வரை விரலால் திருகுங்கள். அதுவும் அலுமினியத்தில் வெட்டிய 10 மில்லிமீட்டர் மரைதான்.

செயின்

தொய்வு சுமார் 3 சென்டிமீட்டர் வேண்டும். கம்பி மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள்.