பழைய தல்வாரைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைந்த அலகுடைய இந்திய வாளான தல்வார், பழையது ஒன்று கைக்கு வந்தவுடன் அதைப் பளபளப்பாக்கத் துடிக்கும் புதியவர்களைக் காணும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே காண்கிறேன். ஈரத்தில் வைக்காதீர்கள், வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள் என்பவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சாணைச் சக்கரத்திடம் ஒப்படைத்தல்

நான் முதலில் வாங்கிய தல்வாரின் அலகு பழுப்பேறி மங்கிக் கிடந்தது. பட்டறை ஒன்றில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்த பிறகுதான், கைப்பிடிக்கு அருகே புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருந்த தேவநாகரி எழுத்துகள் மறைந்துபோனதைக் கவனித்தேன். ராஜஸ்தானின் பிகானேர் அரண்மனை ஆயுதக் கிடங்கின் வாள்களில் இத்தகைய குறிகள் உண்டு. என் வாள் எந்தக் கிடங்கில் இருந்தது என்பதற்கான ஒரே சான்றை நானே கூலி கொடுத்து அழித்திருந்தேன்.

இழப்பு அதோடு நிற்கவில்லை; அலகிலிருந்த நீரலைக் கோலமும் மறைந்திருந்தது. ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கரிமம் கொண்ட மூசை உருக்கில் (மூசை எனும் கலத்தில் உருக்கிய எஃகில்) இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடுத் துகள்கள் அடுக்கடுக்காக அமைவதால்தான் நீரலை போன்ற கோலம் தோன்றுகிறது. இக்கோலம் உலோகத்தின் உள்ளேயும் இருப்பதால், மெல்லிய அமிலப் பூச்சினால் அதை ஓரளவு மீட்டேன். ஆனால் கூர்மையாக இருந்த விளிம்புக் கோடுகள் மழுங்கியதையும், கீறிய பரப்பில் தட்டிப் பதித்த கோஃப்த்காரிப் பொன்கம்பி உதிர்ந்ததையும் எந்த அமிலமும் மீட்காது. மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் கொண்டு ஓர் ஓரத்தில் சிறிது துடைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் ஒருபுறம் மட்டும் கண்ணாடியாக மின்னிய தல்வாருடன் வந்து, மறுபுறத்தையும் அதே போல ஆக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன்.

கைப்பிடி சிறியது என்று முடிவுகட்டுதல்

கைப்பிடி இறுக்கமாக இருப்பதால் முன்னோரின் கை சிறியது என்பது வெறும் கற்பனை. நெருக்கமான பிடியும் அதன் முனையிலுள்ள தட்டு வடிவக் குமிழும் மணிக்கட்டை வளையவிடாமல் தடுக்கின்றன. அதனால் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் எழும் வீச்சில் வளைந்த அலகு இழுத்து அறுக்கிறது. நேர்வாளைப் போல் சுழற்றிப் பார்த்துக் குறை சொன்னால் அது வாளின் பிழையன்று.

அசதுல்லா கையொப்பத்தை நம்புதல்

ஈரானின் இஸ்ஃபஹான் நகரக் கொல்லரான அசதுல்லாவின் பெயரைத் தம் வாள்களில் பொறித்த பிற கொல்லர்கள் ஏராளம்.

ஆடும் கைப்பிடியை நெருப்பில் காட்டுதல்

உள்ளே அலகைப் பிடித்திருப்பது அரக்கு; நெருப்பில் அது உருகிவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புதல்

நூறாண்டு கடந்த வாளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது.