மானிட்டரைத் துடைக்கும் முறையும், திரையில் நின்றுவிட்ட புள்ளிக்கு வழியும்

மானிட்டர் திரை பார்க்கத்தான் கண்ணாடி மாதிரி இருக்கும். பெரும்பாலான மானிட்டர்களில் நம் விரல் தொடுவது போலரைசர் என்கிற பிளாஸ்டிக் படலத்தை. மேட் திரை என்றால் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்க அதன்மேல் நுண்ணிய சொரசொரப்போடு ஒரு பூச்சும் இருக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், அசிட்டோன், தின்னர் எது பட்டாலும் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாகக் கெட்டுப்போகலாம். போனால் போனதுதான். டிஷ்யூ, செய்தித்தாள், பழைய பனியன் துணியும் வேண்டாம். துணி மடிப்பில் ஒரே ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறல் விழும்.

முதலில் மானிட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு போடும். ஆறியதும் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி எடுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேரே ஈரத்துணிக்குப் போனால் தூசியையே திரையில் தேய்த்தது மாதிரி ஆகிவிடும். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையென்றால் மட்டும் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர் நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும், லேபிளைப் படித்து ஆசிட் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிசுக்கு அதிகமானால் 200 மில்லி தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

துணியைத்தான் நனைக்க வேண்டும், திரையை அல்ல. பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. திரையில் நேரடியாக ஸ்பிரே அடித்தால் தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பெரும்பாலும் பேனலின் விளிம்பில்தான் பிக்சல்களை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளை, இயக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்புகள் ஒட்டியிருக்கும். அங்கே ஈரம் போனால் மேலிருந்து கீழாகக் கோடுகள் வரும். அநேகமாகப் பேனலையே மாற்ற வேண்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தயாரிப்பாளர் மேனுவலில் அனுமதித்திருந்தால் மட்டும் தொடுங்கள். துடைத்து முடித்து, அரை மணி நேரம் காய்ந்த பிறகு பிளக் போடுங்கள்.

துடைத்தும் போகாத புள்ளி இருந்தால் அது என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் வைத்துப் பாருங்கள். எந்த நிறத்திலும் கருப்பாகவே நின்றால் டெட் பிக்சல். எப்போதும் சிவப்பு, பச்சை, நீலம் ஏதாவது ஒன்றாக எரிந்தால் ஸ்டக் பிக்சல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்த இரண்டும் பிக்சல் கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும். உள்ளே போன தூசி கட்டத்தைத் தாண்டி ஒழுங்கில்லாமல் தெரியும். புள்ளி இடம் மாறினால் அது பூச்சி. மழைக்காலத்தில் வெளிச்சத்துக்கு வரும் குட்டிப் பூச்சிகள் பேனல் அடுக்குக்குள்ளேயே புகுந்துவிடும். அதை விரலால் அழுத்தாதீர்கள், நசுங்கினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்டுவைத்தால் தானாக வெளியேற வாய்ப்பு உண்டு.

ஸ்டக் பிக்சலுக்கு நிறங்களை வேகமாக மாற்றும் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் போன்ற கருவியின் சிறு சன்னலை அந்தப் புள்ளியின் மேல் வைத்து 10 நிமிடம் ஓடவிடுங்கள்; போகாவிட்டால் சில மணி நேரம். நிச்சயம் சரியாகும் என்று சொல்ல முடியாது, ஆனால் செலவில்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்த மினுக்கலைப் பார்க்கக் கூடாது. டெட் பிக்சலுக்கு இது பெரும்பாலும் பலிக்காது. பொதுவாக அந்தப் பிக்சலை இயக்கும் சுவிட்சான டிரான்சிஸ்டரே வேலை செய்யாமல் போயிருக்கும்.

துணி சுற்றிய மழுங்கிய முனையால் அழுத்தச் சொல்லும் வைத்தியத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அழுத்தம் சற்றே கூடினாலும் பக்கத்துப் பிக்சல்களும் போகும், பின்னால் உள்ள படலத்தில் வெளிச்சத் திட்டு விழும், வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். ஓஎல்இடி (பிக்சல்களே ஒளிரும்) திரையில் கட்டாயம் கூடாது.

வாரண்டி கேட்பதற்கு முன் ஒரு கணக்கு. 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். பழைய ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் கருப்பானது 2, துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதி) குறை 5 வரை அனுமதித்தது. இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 9241 வரிசை இருக்கிறது. ஆனால் எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் பிக்சல் கொள்கையைப் பொறுத்தது. ஒரு புள்ளிக்கு வாரண்டியில் மாற்ற மறுப்பது சகஜம். அதனால் புது மானிட்டர் வந்த அன்றே ஐந்து நிறச் சோதனையைச் செய்யுங்கள். குறை தெரிந்தால் போட்டோ எடுத்து, கடையின் திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.