விசென்டரில் டேட்டாஸ்டோர் இட எச்சரிக்கையைத் தேவைக்கேற்ப அமைக்கும் முறை

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருளான விஎம்வேர் விசென்டரை நிறுவிய உடனேயே ‘டேட்டாஸ்டோர் யூசேஜ் ஆன் டிஸ்க்’ என்னும் எச்சரிக்கை இயங்கத் தொடங்கிவிடுகிறது. டேட்டாஸ்டோரின், அதாவது அந்தக் கணினிகளின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தின், பயன்பாடு 75 விழுக்காட்டைத் தாண்டினால் மஞ்சள் நிறத்திலும், 85 விழுக்காட்டைத் தாண்டினால் சிவப்பு நிறத்திலும் அது அறிவிக்கும். இந்த எண்களை எல்லா டேட்டாஸ்டோர்களுக்கும் அப்படியே விட்டுவைப்பது சரியல்ல. 20 டிபி கொண்ட ஒன்றில் சிவப்பு வரும்போது இன்னும் 3 டிபி காலியாக இருக்கும். 500 ஜிபி கொண்டதிலோ 75 ஜிபி மட்டுமே மிஞ்சும். நினைவக ரிசர்வேஷன் (ரேமை உறுதியாக ஒதுக்கி வைப்பது) ஏதுமின்றி 96 ஜிபி ரேம் ஒதுக்கப்பட்ட மெய்நிகர் கணினி அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அதை இயக்கும்போது ரேம் போதாதபோது பயன்படும், அதே அளவுள்ள ஸ்வாப் கோப்பை உருவாக்க இடம் போதாமல் அது எழவே எழாது.

ஆகவே எல்லையை வளர்ச்சி வேகத்திலிருந்து கணக்கிட வேண்டும். 2,000 ஜிபி டேட்டாஸ்டோர் ஒன்று நாளொன்றுக்கு 20 ஜிபி வளர்கிறது என்றும், கூடுதல் இடத்திற்கு ஒப்புதல் பெற்று இணைக்கப் பத்து நாள் ஆகும் என்றும் கொள்வோம். வளர்ச்சிக்கு 200 ஜிபி, கையிருப்பாக 100 ஜிபி என மொத்தம் 300 ஜிபி மீதமிருக்கும்போதே, அதாவது 85 விழுக்காட்டில், மஞ்சள் வர வேண்டும். சிவப்பை 91 விழுக்காட்டில் வைக்கலாம். இதற்கு மாறாக, முழு இடத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் திக் வட்டுகள் மட்டும் இருந்து, கணினியின் அந்நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வழக்கமும் இல்லையென்றால், 90 விழுக்காட்டிலும் கவலைப்பட ஏதுமில்லை. அங்கே ஓயாமல் எரியும் சிவப்பு, உண்மையான ஆபத்தையும் கவனிக்காமல் கடந்துபோகப் பழக்கிவிடும்.

விசென்டரில் ஓர் எச்சரிக்கையை எந்த மட்டத்தில் வரையறுத்தார்களோ அங்கேதான் திருத்த முடியும். மேற்சொன்ன எச்சரிக்கை விசென்டரின் உச்ச மட்டத்தில் இருப்பதால், ஒரு டேட்டாஸ்டோருக்கு மட்டும் அதன் எண்ணை மாற்ற வழியில்லை. ஆகவே ஸ்டோரேஜ் பகுதியில் தன்மைக்கேற்பத் தனித்தனி ஃபோல்டர்களை உருவாக்கி, டேட்டாஸ்டோர்களை அவற்றுக்குள் நகர்த்துங்கள். பிறகு ஃபோல்டரின் மீது வலச் சொடுக்கி, ‘அலாரம்ஸ்’ பட்டியலில் ‘நியூ அலாரம் டெஃபினிஷன்’ என்பதைத் திறந்து, இலக்காக ‘டேட்டாஸ்டோர்ஸ்’ என்பதையும் நிபந்தனையாக ‘டேட்டாஸ்டோர் டிஸ்க் யூசேஜ்’ என்பதையும் தேர்ந்தெடுத்து, மஞ்சளுக்கு ஒரு விதியும் சிவப்புக்கு மற்றொரு விதியும் எழுதுங்கள். பழைய எச்சரிக்கையை முற்றிலும் முடக்குவதைவிட, அதன் எல்லைகளை 95, 97 என உயர்த்தி வைப்பதே நல்லது. நாளை யாரேனும் புதிய டேட்டாஸ்டோரைச் சேர்த்து எந்த ஃபோல்டரிலும் வைக்க மறந்தாலும் அது கண்காணிப்பிலிருந்து தப்பாது.

ஒவ்வொரு விதியிலும் மின்னஞ்சல், எஸ்என்எம்பி டிராப் (கண்காணிப்பு மென்பொருளுக்குச் செல்லும் அறிவிப்பு), ஸ்கிரிப்ட் ஆகிய செயல்களை இணைக்கலாம். மின்னஞ்சலுக்கு விசென்டரின் பொது அமைப்புகளில் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் சர்வர்) விவரம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். மஞ்சளுக்கு ஒருமுறை அஞ்சல் போதும். சிவப்புக்கு மட்டும் மீண்டும் மீண்டும் அனுப்பும் வசதியை இயக்குங்கள்.

எழுத எழுத மட்டுமே இடம் எடுத்துக்கொள்ளும் தின் வட்டுகள் உள்ள ஃபோல்டருக்கு இவ்வளவு போதாது. அங்கே ஒதுக்கப்பட்ட மொத்த இடம் உண்மையான கொள்ளளவை மிஞ்சக்கூடும் என்பதால், ‘டேட்டாஸ்டோர் டிஸ்க் ப்ரொவிஷன்ட்’ என்ற நிபந்தனையிலும் ஒரு விதி தேவை. மறந்துபோன ஸ்னாப்ஷாட் சத்தமின்றி வளர்ந்து இடத்தை விழுங்குவதும் உண்டு. அதற்கு மெய்நிகர் கணினிகளை இலக்காகக் கொண்டு ‘விஎம் ஸ்னாப்ஷாட் சைஸ்’ எச்சரிக்கையைத் தனியே அமையுங்கள். இடம் அறவே தீர்ந்துவிட்டால், தின் வட்டோ ஸ்னாப்ஷாட்டோ உள்ள கணினிகள் எழுத முயலும் கணத்திலேயே உறைந்து நின்றுவிடும்.

இந்த எச்சரிக்கைகள் எதுவும் மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் சி டிரைவோ ரூட் பகிர்வோ நிரம்புவதை அறியா. அதை உள்ளிருந்து கண்காணிக்கும் ஏஜென்ட் தனியே வேண்டும்.

எல்லாம் முடிந்தபின், சிவப்பு எல்லையைத் தற்போதைய பயன்பாட்டுக்குக் கீழே சற்று நேரம் இறக்கி, அஞ்சல் உரியவரிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, உடனே பழைய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.