மேற்கிந்தியத் தீவினரையும் செரோக்கிகளையும் ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் இந்த இரு சமூகங்களையும், அதாவது கரீபியன் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களையும் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியினரையும் ஒப்பிட அந்நாட்டு அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பே போதும், ஆனால் எடுத்த எடுப்பில் வருமான எண்ணுக்குப் போய்விடாதீர்கள். ஜமைக்கர், ஹைட்டியர் போன்றவர்கள் பூர்வீகம் எது என்ற கேள்வியில் பதிவாகிறார்கள், செரோக்கிகளோ இனம் பற்றிய கேள்வியில். அதிலும் 'செரோக்கி மட்டும்' என்றவர்கள் வேறு, 'பிற இனத்தோடு சேர்த்து' என்றவர்கள் வேறு. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இது அவரவர் சொன்ன பதில்தான், பழங்குடி உறுப்பினர் பட்டியல் அல்ல.

அப்புறம் இடம். மேற்கிந்தியர் நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் அதிகம்; செரோக்கிகளின் முன்னோரில் பெரும்பகுதியினர் 1838-39இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டவர்கள், இன்றும் அங்கே நிறையப் பேர். நியூயார்க்கின் புரூக்ளின் சம்பளத்தையும் ஓக்லஹோமாவின் தாலக்வா ஊர்ச் சம்பளத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஏமாந்துபோவோம், வருமானத்தில் வாடகைக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று சேர்த்துப் பாருங்கள். குடும்ப வருமானம் என்றால் வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதையும்தான்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது: பழங்குடியினருக்கான அரசு மருத்துவ சேவையை மட்டுமே நம்பியிருப்பவரை இந்தக் கணக்கெடுப்பு காப்பீடு இல்லாதவர் என்றே எண்ணும்.