அப்பா செய்த பலாமர நாற்காலி: ஆடிய காலைச் சரிசெய்த விதம்

காலமான அப்பா தச்சர். குளச்சல் கடல்காற்றுக்கு ஆணி துருவேறி மரத்தையும் கறுக்கவைக்கும் என்று வீட்டுச் சாமானில் ஆணியே அடிக்கமாட்டார். துளை, அதற்குள் செருகும் முனையான கழுந்து, ஒட்ட வச்சிரப் பசை, அவ்வளவுதான். அம்மாவின் முட்டுவலிக்காக இந்த நாற்காலியின் இருக்கையை 2 அங்குலம் உயர்த்தினார். பேரப்பிள்ளைகள் தலையில் இடிக்காதபடி கைப்பிடி நுனியை உருட்டி இழைத்தார்.

ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மரம் ஊதிச் சுருங்கி வச்சிரம் விட்டுப்போய் முன்கால் ஆடியது.

மரத்துண்டை இடையில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டிக் கழற்றினேன். பழைய வச்சிரத்தை வெந்நீர்த் துணியால் இளக்கிச் சுரண்டவேண்டும். மிச்சமிருந்தால் ஃபெவிகால் பிடிக்காது. எந்தக் கழுந்து எந்தக் காலுக்கு என்று அப்பா உளியால் போட்ட கீறல்கள் உள்ளே இருக்கும், அவற்றைச் சுரண்டிவிடக் கூடாது.

நன்றாக நிழலில் காய்ந்தபின், ஃபெவிகால் தடவிக் கழுந்தைத் துளையில் பொருத்தி, காலைத் துளைத்து வெளியே தெரியும் கழுந்தின் முனையில் ரம்பத்தால் கீறி மெல்லிய தேக்கு ஆப்பு இறக்கினேன். ஆப்பு, காலின் இழையோட்டத்துக்கு (மரநார் ஓடும் திசைக்கு) குறுக்கே நிற்கவேண்டும். இழையோடு வைத்தால் கால் பிளந்துவிடும். கிளாம்ப் தேவையில்லை, கயிற்றைச் சுற்றிக் குச்சி செருகி முறுக்கி 24 மணி நேரம் விட்டால் போதும். வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது.