38 சீட்டு, ஒரே கணக்கு

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். உள்ளங்கை அளவுதான், பழைய நோட்டில் எழுதாமல் விட்ட பக்கத்தை நான்காக வெட்டியது. அதில் ஒரே ஒரு கணக்கு: 1/3 + 1/4 எவ்வளவு? விடையோடு வழியையும் எழுத வேண்டும். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் வாங்கிக்கொண்டு அனுப்புவேன்.

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. 'ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற மாதிரி நடத்துங்கள்' என்று பயிற்சி வகுப்பில் யாராவது சொன்னால் முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 38 பிள்ளைகளுக்கு 38 பாடக்குறிப்பு யார் எழுதுவது? வீட்டுக்குப் போக வேண்டாமா? சீட்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பிள்ளைகள் 38 பேர் இருந்தாலும் ஒரு பாடத்தில் அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் நான்கைந்துக்கு மேல் போவதில்லை. அந்த இடங்களுக்கு ஏற்பாடு செய்தால் போதும். அதை எப்படிச் செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உதாரணம் எல்லாம் பின்னம்தான், எனக்குக் கைவந்த பாடம் அது. உங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, சீட்டுகளைப் பிரிப்பது. சரி, தப்பு என்று இரண்டு கட்டாகப் பிரிக்காதீர்கள், அதனால் பிரயோஜனம் இல்லை. தப்பின் வகையைப் பார்த்துப் பிரியுங்கள். என் மேசையில் வழக்கமாக விழும் கட்டுகள் இவை: 2/7 என்று எழுதியவர்கள், 2/12 என்று எழுதியவர்கள், 7/24 என்று எழுதியவர்கள், 7/12 என்று சரியாக எழுதியவர்கள், ஒன்றும் எழுதாதவர்கள். பழகிவிட்டால் பிரிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் போட மாட்டேன். போட்டால் அடுத்த வாரமே பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் சீட்டு எனக்கு ஒன்றும் சொல்லாது.

2/7 கட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியிருக்கிறார்கள். இவர்களிடம் போய் 'பகுதியைச் சமமாக்கு' என்று மறுபடி சொன்னால் தலையாட்டுவார்கள், நாளைக்கும் 2/7 தான் வரும். ஏனென்றால் அவர்கள் விதியை மறக்கவில்லை, அவர்களிடம் வேறொரு விதி இருக்கிறது. அது தப்பு என்று அவர்கள் கண்ணுக்கே தெரிய வேண்டும். நான் இப்படிக் கேட்பேன்:

"1/3-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். விடை 1/3-ஐ விடப் பெரிதாகுமா, சின்னதாகுமா?"

"பெரிசாகும் டீச்சர்."

"1/3-ஐ 2/6 என்றும் எழுதலாம் இல்லையா? சரி, 2/6 பெரிதா, 2/7 பெரிதா?"

ஆறு பங்காக மடித்த காகிதப் பட்டையையும் அதே நீளத்தில் ஏழு பங்காகக் கோடு போட்ட பட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. சேர்த்த பிறகு குறைந்துவிட்டது! அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் பகுதியைச் சமமாக்கும் பேச்சையே எடுப்பேன். இதற்குப் பட்டைகள்தான் வேண்டும், தனிப் பாடக்குறிப்பு வேண்டாம்.

2/12 கட்டின் சிக்கல் வேறு. 12 வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, மேலே இருக்கும் எண்ணும் அதோடு மாற வேண்டும் என்று தெரியவில்லை. அவர்கள் கையில் 12 கட்டம் போட்ட பட்டையைக் கொடுத்து, 1/3 எத்தனை கட்டத்தை மூடுகிறது என்று நிழலிடச் சொல்வேன். நான்கு. வேலை முடிந்தது. 7/24 எழுதியவர்கள் 4/12, 3/12 வரை ஒழுங்காக வந்து கடைசிப் படியில் பகுதிகளையும் கூட்டிவிடுகிறார்கள். '4 நிமிடமும் 3 நிமிடமும் சேர்ந்தால் 7 நிமிடம். நிமிடமே நீண்டுவிடுமா?' என்று ஒரு கேள்வி. பெரும்பாலும் அதற்கே தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

சரியாகச் செய்தவர்களை என்ன செய்வது? இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுப்பது பரிசு இல்லை, தண்டனை. கெட்டிக்காரப் பிள்ளை இரண்டே நாளில் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்ளும். கணக்கின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஆழத்தைக் கூட்டுங்கள். தொகுதியில் 1 மட்டுமே உள்ள, ஒன்றுக்கொன்று வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டி 1/2 வர வேண்டும் என்று கேட்பேன். 1/3 + 1/6 கிடைத்துவிடும், வேறு வழி இருக்கிறதா என்று தேடுவார்கள், இருக்காது. 'இல்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அதையும் முடித்தால் 1/6 வரும்படி கேட்பேன், அதற்கு நான்கு வழி உண்டு. 3,500 வருடத்துக்கு முன்னால் எகிப்தியர்கள் 2/3 போல ஓரிரண்டைத் தவிர மற்ற பின்னங்களையெல்லாம் இப்படித்தான் எழுதினார்கள், ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியில் அதற்கென்று ஓர் அட்டவணையே இருக்கிறது என்று சொன்னால் சிலருக்கு அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே கிடையாது. ஒரே பாடம், ஒரே நோக்கம்தான். வாசல் வேறு.

நோக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் மூன்று விதப் பயிற்சித்தாள் தயார் செய்தேன். எளிது, நடுத்தரம், கடினம். அடையாளம் தெரியட்டும் என்று மூன்று நிறக் காகிதத்தில் அச்செடுத்தேன், ரொம்பப் பெருமையாக வேறு இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு பெண் மெதுவாக வந்து கேட்டாள்: "நான் எப்ப டீச்சர் மஞ்சளுக்குப் போவேன்?" நிறம் என்று நான் நினைத்ததை அவர்கள் பட்டம் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. எளிய தாள் வாங்கியவர்கள் அந்தப் பருவம் முழுவதும் ஒரு கடினமான கணக்கைக்கூடப் பார்க்கவே இல்லை. இடைவெளியைக் குறைக்கக் கிளம்பிய நானே அதைப் பெரிதாக்கிவிட்டேன்.

இப்போது எல்லோருக்கும் ஒரே தாள்தான். மாறுவது தாங்கல். கடைசிக் கணக்கைச் சிலர் தானாகச் செய்வார்கள். சிலருக்குக் குறிப்புச் சீட்டு வேண்டும். மூன்று குறிப்புகள், தனித்தனியாக மடித்து முன் மேசையில் வைத்திருப்பேன். முதல் சீட்டு ஒரு கேள்வி மட்டும், இரண்டாவதில் முதல் படி, மூன்றாவதில் இதே போன்ற வேறொரு கணக்கு முழுமையாகச் செய்து காட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து போய் எடுக்கலாம். முதல் நாளே நன்றாகப் படிக்கும் ஓரிருவரிடம் ரகசியமாகச் சொல்லி அவர்களையும் எடுக்க வைப்பேன். (சின்னத் தந்திரம், ஆனால் அது இல்லாமல் மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.)

இன்னொரு தாங்கல், பாதி செய்த கணக்கு. நான்கு படியில் மூன்றை நான் எழுதி, கடைசியை மட்டும் அவர்கள் முடிப்பார்கள். அடுத்ததில் இரண்டு படி காலி, அப்புறம் மூன்று. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல என்று இதைச் சொல்வார்கள். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தச் சொல் கல்வி உலகில் பரவியது. சாரத்தில் நாம் மறந்துபோகும் பகுதி, அதைப் பிரிப்பது. நன்றாகத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் படிப்படியாகச் செய்த கணக்கைக் கொடுத்தால் அது உதவாது, இடைஞ்சலாகவே ஆகிவிடும் என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் யாருக்கு எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் அந்த மாலைச் சீட்டுதான் எனக்குச் சொல்கிறது.

சரி, 45 நிமிடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது? முதல் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து. அடுத்த இருபது நிமிடம் தாள். அந்த நேரத்தில் நான் ஒரு கட்டோடு, அதிகபட்சம் இரண்டு கட்டோடு மட்டும் உட்காருவேன். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் நோட்டைப் புரட்ட வேண்டும், பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் கேட்க வேண்டும், மூன்றாவதுதான் நான். இது பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சத்தமாகத்தான் இருக்கும். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டுப்பாடு: அடுத்தவர் நோட்டில் பென்சில் படக் கூடாது. வாயால் சொல்லலாம், தன் நோட்டில் வரைந்து காட்டலாம். இல்லையென்றால் உதவி என்ற பெயரில் விடையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே பிள்ளையைத் தினமும் குட்டி வாத்தியாராக்குவதும் வேண்டாம். அதற்கும் படிக்க வேண்டியது இருக்கிறது.

குழுக்கள் நாளுக்கு நாள் கலைய வேண்டும். பின்னத்தில் தடுமாறியவன் வடிவியலில் எல்லோருக்கும் முன்னால் நிற்பான். 'சுமாரான பிள்ளை' என்று பதிவேட்டில் ஒரு தடவை எழுதிவிட்டால் நம் கண்ணும் அதையே பார்க்கும். கண், காது, கை என்று பிள்ளைகளை மூன்று வகையாக்கும் கேள்வித்தாள் ஒன்றையும் நான் ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தேன். அந்த வகைக்கு ஏற்றபடி நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் நால்வர் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். பின்னத்துக்குப் பட்டை எல்லோருக்கும் வேண்டும், 'கை' வகைக்கு மட்டும் இல்லை.

சில தடைகளுக்குப் பாடத்தோடு சம்பந்தமே இருக்காது. வார்த்தைக் கணக்கு எல்லாவற்றிலும் சைபர் வாங்கிய பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் கேள்வியை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் விடை சொன்னான். அவனுக்கு வராதது வாசிப்பு, கணக்கு இல்லை. ஏழு மாதம் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அன்றிலிருந்து வார்த்தைக் கணக்கை வகுப்புக்கே இரண்டு முறை வாசிக்கிறேன், எழுத முடியாதவர் வாயால் விடை சொல்லலாம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளையிருந்தால் கண் பரிசோதனைக்குச் சொல்லி அனுப்புங்கள். சிவப்பு, பச்சை சாக்பீஸில் வித்தியாசம் காட்டாதீர்கள். ஆண்களில் 12 பேரில் ஒருவர் வரை அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படலாம். அடிக்கோடு, வட்டம் போதும். பள்ளி மொழி புதிதாக இருக்கும் பிள்ளை முதலில் தன் மொழியில் எழுதட்டும், எண்கள் எனக்குப் புரியும்.

செலவே இல்லாத ஒன்று, காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே அளந்து சொன்னார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மூன்று விநாடிதானே என்று நினைப்பீர்கள். வகுப்பு முன்னால் நின்று பாருங்கள், ஒரு யுகம். நான் மனதுக்குள் எண்ணுவேன், கை தூக்கியவர்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் வாரத்துக்கு ஒரு பாடம், ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பெரிய இரண்டு கட்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். முதல் மாதத்திலேயே எல்லாம் செய்யப் பார்த்தால் இரண்டாவது மாதம் கைவிட்டுவிடுவீர்கள்.

காலிச் சீட்டுக் கட்டை இவ்வளவு நேரம் விட்டுவைத்ததற்குக் காரணம், எனக்கு அதுதான் கடைசியில் வசப்பட்டது. பெயர் மட்டும் எழுதியிருக்கும். சோம்பலா, பயமா, ஒன்றுமே தெரியாதா என்று சொல்ல முடியாது. இப்போது சீட்டின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'செய்ய முடியவில்லையா? எங்கே நின்றாய் என்று எழுது.' போன வருடம் அந்த வரிக்குக் கீழே ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: '12 எங்கேயிருந்து வந்தது?' மறுநாள் அதையே பலகையில் பெரிதாக எழுதி, 7/12 கட்டில் இருந்தவர்களைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னேன். விநாடிகளை எண்ண ஆரம்பித்தேன். பத்து வரை போயிற்று.